தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்

ஆகஸ்ட் 31, ஞாயிறு. கோவை

இந்த நோட்டை என்றைக்காவது யாராவது எடுத்துப் படித்தால், அந்த ஆள் எங்கள் கிளப் டாக்டர் நஞ்சப்பனாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேற்று கிளப்பில் எனக்கு வழியனுப்பு விழா. முப்பது பேர், போண்டா, காப்பி. எங்கள் கிளப்பிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் ஆடப்போகும் முதல் ஆள் நான். கோல்ஃப் எங்கே பிறந்தது என்று கேட்டால் உலகமே அந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையைத்தான் கை காட்டும். முப்பது வருடமாக நான் அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. பம்ப்செட் கம்பெனியை மகன் கையில் கொடுத்த அன்றே டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன்.

மைக் கையில் வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. "தொண்ணூறுக்குள்ள அடிச்சு, சாட்சிக் கையெழுத்தோட ஸ்கோர் கார்டைக் கொண்டுவந்து இந்தச் சுவத்துல மாட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். பதினெட்டுக் குழியிலும் பந்தைப் போட மொத்தம் எத்தனை அடி ஆகிறதோ அதுதான் கணக்கு. குறையக் குறைய நல்லது. சாதாரண ஆளுக்கு நூறுக்குள் வருவதே பெரிய காரியம். எல்லோரும் கை தட்டினார்கள். நஞ்சப்பன் மட்டும், "கடக்கரையில காத்து அடிக்கும் அர்த்தநாரி, பாத்து" என்றான். வயிற்றெரிச்சல்.

மரகதமும் தன் மட்டைப் பையை எடுத்துக்கொள்கிறாள். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார்கள் என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் கிளப்புக்கு வந்தவள், சும்மா நடக்க அலுப்பாக இருக்கிறது என்று மட்டையைப் பிடித்தாள். செவ்வாய்க்கிழமை பெண்களோடு ஆடுவாள். அவள் பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாது. நேராக ஓடி, நூற்று முப்பது கஜத்தில் நின்றுவிடும். என் பந்தைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

பெட்டி மூன்று கிலோ அதிகம். பருப்புப் பொடியை எடுக்கச் சொன்னேன். மரகதம் என் இரண்டாவது ஜோடி ஷூவை எடுத்து வெளியே வைத்தாள்.

செப்டம்பர் 3, புதன். செயின்ட் ஆண்ட்ரூஸ்

வந்து சேர்ந்தோம். வாடகை வீடு, மாடியில் ஒரு அறை, ஒரு சின்ன அடுப்படி. பெட்டியைக்கூடத் திறக்காமல் மைதானத்தைப் பார்க்கப் போனேன்.

ஊர் முடிகிற இடத்திலேயே மைதானம் ஆரம்பிக்கிறது. சுற்றுச்சுவர் இல்லை. கடைசிக் குழிக்குப் பக்கத்தில் தெரு, தெருவில் ஆள்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நிற்கிறார்கள். அந்தப் பக்கம் கடல். மரம் ஒன்றுகூடக் கிடையாது. தரை ஏதோ படுக்கை விரிப்பை அவசரமாக உதறிப் போட்டமாதிரி மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. இதற்காகவா முப்பது வருடம் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. அடுத்த நிமிடமே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று.

இங்கே பணமிருந்தால் மட்டும் ஆடிவிட முடியாது. பெயர் கொடுக்க வேண்டும், குலுக்கலில் விழ வேண்டும். எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

குலுக்கலில் வரவில்லை. கடுகு தாளித்ததில் வீட்டுக் கூரையில் இருந்த புகை மணி அலறி, கீழ்வீட்டு அம்மாள் ஓடி வந்துவிட்டாள். மரகதம் அவளுக்கு ஒரு கிண்ணத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் கொடுத்தனுப்பினாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றும் வரவில்லை. கை நமநமக்கிறது என்று பக்கத்தில் இன்னொரு கடலோர மைதானத்தில் ஆடினோம்.

என் எண்ணிக்கையை எழுதப்போவதில்லை. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. நான் வழக்கம்போல உயரமாக, அழகாக அடித்தேன். பந்து மேலே போனதும் காற்று அதை வாங்கி, தனக்கு வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தது. இரண்டு பந்து கடற்கரைக்கே போய்விட்டது.

இன்னொன்று. எங்கள் கிளப்பில் பந்து குழிக்கு ஒரு அடி பக்கத்தில் வந்துவிட்டால், "போச்சு, எடுத்துக்கோ" என்போம். போடப்போவது உறுதிதானே, எதற்கு நேரத்தை வீணாக்குவது? அந்த ஒரு அடி தூரம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து இப்போது இரண்டரை அடி ஆகியிருக்கிறது என்பதும் உண்மைதான். இங்கே எங்களோடு ஆடிய இருவரும் ஒரு சாண் தூரத்தில் கிடந்த பந்தையும் நான் அடித்துப் போடும்வரை வாயைத் திறக்காமல் நின்றார்கள். அதில் ஐந்தாறு தவறியது. நாகரிகம் தெரியாதவர்கள்.

மரகதம் நூற்று மூன்று. அவள் பந்துதான் மேலே எழும்புவதே இல்லையே, காற்றுக்கு அதைத் தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனி

வரவில்லை. மழை. ரசம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் உலாவப் போகிறார்கள்! உலகப் பெரிய ஆட்டக்காரர்கள் முத்தமிடுகிற புல்லில் நாய் ஓடுகிறது. குழந்தைகள் குட்டிக்கரணம் போடுகிறார்கள். எங்கள் கிளப்பில் ஒரு ஆடு எட்டிப் பார்த்தால் வாட்ச்மேன் மாரிமுத்து அரை மைல் துரத்துவார்.

நான் முதல் குழிக்கு ஆட்டம் தொடங்குகிற மேடையான டீயில் நின்று, குடையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு வீச்சு வீசினேன். மரகதத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். தூரத்தில், ஓடையைத் தாண்டி, தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு எதையோ தொலைத்தவள்போலக் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். பதினெட்டுக் குழியையும் கடைசியிலிருந்து முதலுக்கு நடந்து பார்த்தாளாம். கையில் மளிகைச் சாமான் எழுதுகிற சின்ன நோட்டு.

"என்ன எழுதினே?"

"சும்மா, எத்தனை எட்டுன்னு எண்ணினேனுங்க. எந்த மணல்குழி எங்க இருக்குதுன்னு. டீயில நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியறதில்ல. பின்னாலிருந்து பாத்தா எல்லாக் குழியும் பல்லைக் காட்டிட்டு நிக்குது."

பாவம், பொழுது போகவில்லை அவளுக்கு.

செப்டம்பர் 8, திங்கள்

புதன்கிழமை விமானம். நாளை ஒரு நாள்தான் பாக்கி. தனி ஆளாக நேரில் போய்ப் பெயர் கொடுத்தால், மறுநாள் ஆட்டத்தில் ஆள் குறைகிற இடத்தில் குலுக்கிப் போடுவார்கள். ஒரு பெயருக்கு ஒரு சீட்டு, புருஷன் பெண்டாட்டி என்றெல்லாம் சேர்க்க மாட்டார்கள். காலை ஒன்பதுக்கே போய் நின்று பெயர் கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மரகதத்தையும் கொடுக்கச் சொன்னேன். இதைச் சொன்னது நான்தான் என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

மாலை. முடிவு வந்தது. எனக்குத் தலைவலி.

செப்டம்பர் 9, செவ்வாய். காலை

சரி, எழுதிவிடுகிறேன். மரகதத்தின் பெயர் விழுந்தது. என் பெயர் விழவில்லை. காலை பத்து இருபதுக்கு அவள் ஓல்டு கோர்ஸில் ஆடுகிறாள்.

நேற்று மாலை நான் அந்த அலுவலகத்துக்குப் போனது உண்மை. ஒருவர் இடத்தில் அவர் வீட்டுக்காரர் ஆடலாமா என்று ஒரு பொது அறிவுக்காகத்தான் கேட்டேன். அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே முடியாது என்றாள். "அந்த அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்" என்றும் சொன்னாள். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் மரகதம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "நான் போகலீங்க. முப்பது வருஷ ஆசை உங்களுது. நான் போயி ஆடிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். அப்போது, "அதெல்லாம் இல்லை, நீ போ" என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது மணி எட்டு. கேடிகள், அதாவது மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து வழி சொல்கிறவர்கள், எல்லோரும் முன்பே பேசி முடிக்கப்பட்டவர்கள். இந்த நேரத்தில் பையை வைத்துத் தள்ளுகிற வண்டிக்கும் அனுமதி இல்லையாம். மரகதம் ஷூ முடிச்சைப் போட்டுக்கொண்டே, "பை கனமுங்க. வர்றீங்களா?" என்றாள்.

எனக்கு முழங்கால் வலி. போகிறேன். கார்டில் சாட்சிக் கையெழுத்து வாங்கவாவது ஒரு விவரமான ஆள் வேண்டாமா?

அதே நாள், மாலை

முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

கூட ஆடியவர்கள் மூன்று பேர். வாய் பேசாத இரண்டு ஜெர்மன்காரர்கள், அப்புறம் ஈவன் என்று ஒரு உள்ளூர்க்காரர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈவன் மரகதத்தின் கார்டைத் தான் எழுதிக் கையெழுத்துப் போடுவதாக ஒத்துக்கொண்டார். டீயில் அவள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். "மிசஸ் மாரகாதம்." பச்சைச் சுடிதார், மேலே என் ஸ்வெட்டர். வேலியோரம் ஐம்பது அறுபது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிளப்பில் செவ்வாய்க்கிழமை அடிக்கிறமாதிரியே அடித்தாள். பந்து முழங்கால் உயரத்தில் போய், இறங்கி, ஓடு ஓடு என்று ஓடியது. கோவையில் நூற்று முப்பதில் நிற்கிற பந்து இங்கே நூற்று அறுபதில் போய் நின்றது. இந்தக் காய்ந்த தரை அவளுடைய அடிக்காகவே செய்ததுபோல இருந்தது. ஈவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடித்தது நான் என்பதுபோல நானும் ஆட்டினேன்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்பார்கள்; முதல் கிரீனுக்கு முன்னால் ஒரு ஓடை. அவள் ஓடைக்கு முன்னால் நிறுத்தப் பார்த்தாள். நான் விடவில்லை. "தாண்டி அடி மரகதம், தைரியமா அடி" என்றேன். அடித்தாள். ஓடையில் விழுந்தது. முதல் குழிக்கே எட்டு.

இரண்டாவது டீக்கு நடக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. நீங்க பையை மட்டும் தூக்குங்க."

முப்பத்தாறு வருடக் கல்யாணத்தில் என்னிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. கோபம் வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன். ஆனால் அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அதற்கப்புறம் நடந்ததை நான் வாழ்நாள் முழுக்கச் சொல்வேன். ஒவ்வொரு டீயிலும் மளிகை நோட்டைத் திறப்பாள். ஒரு பார்வை பார்ப்பாள். குழியில் நட்ட கொடிக்கு நேராக நாங்கள் எல்லோரும் அடிக்கிற இடத்தில் அவள் அடிக்கவில்லை. ஜெர்மன்காரர்கள் ஆகாயத்தில் அடித்துவிட்டு மணல்குழிக்குள் இறங்கி, தலை மட்டும் தெரிய மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுற்றிப் போனாள். பதினான்காவதில் ஒரு ராட்சச மணல்குழி இருக்கிறது, அதன் பெயரே நரகம். அவள் இடது பக்கம் அகலமாகத் திரும்பிப் பக்கத்துக் குழியின் புல்வெளி வழியாகப் போய்விட்டாள். "அங்க முன்னூத்திப் பன்னெண்டு எட்டு சும்மா கெடக்குதுங்க, யாருமே போறதில்ல" என்றாள். கிரீனுக்கு நாற்பது கஜம் வெளியிலிருந்தே பட்டரை, அந்த உருட்டுகிற மட்டையை, எடுத்துத் தரையோடு உருட்டினாள். பந்து மேடு ஏறி, பள்ளம் இறங்கி, கொடியிடம் போய் நின்றது.

ஈவன் கேட்டார், "உங்கள் மனைவி இதற்கு முன் எத்தனை தடவை இங்கே ஆடியிருக்கிறார்?"

நான் மொழிபெயர்த்தேன். மரகதம் சிரித்தாள். "முப்பது வருஷமா இவர் சொல்லிச் சொல்லி எனக்கு இங்க சந்து பொந்தெல்லாம் தெரியுமுங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காற்று இல்லை, இந்தத் தடவை.

நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் பதறுவாள். பதினேழு முடிந்தபோது தொண்ணூற்று மூன்று. கடைசிக் குழியை ஆறில் முடித்தால் தொண்ணூற்றொன்பது! மரகதம் கோவையிலேயே நூறுக்குள் வந்ததில்லை. தொண்ணூற்றொன்பது என்று எழுதிய ஓல்டு கோர்ஸ் கார்டு எங்கள் கிளப் சுவரில் தொங்கும். எவன் பெயர் இருந்தால் என்ன, என் வீட்டுப் பெயர். அந்த எண் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

மூன்றாவது அடியில் கிரீனுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்துக்கு வந்துவிட்டாள். நான்காவது, பட்டரால் மேலே உருட்டினாள். ஏறிய பந்து கடைசி நொடியில் மனசு மாறித் திரும்பி, உருண்டு அவள் காலடிக்கே வந்தது. வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும் 'ஊ' என்றார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஐந்தாவதை அடித்தாள். ஏறியது, ஓடியது, குழிக்கு ஒரு அடி தூரத்தில் நின்றது.

தெருவே கை தட்டியது. நான் ஓடினேன். "போச்சு! போச்சு!" என்று கத்திக்கொண்டே போய், அந்தப் பந்தைக் குனிந்து எடுத்து, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினேன்.

ஆமாம். எடுத்துவிட்டேன். பந்து இருந்த இடத்தில் ஒரு காசைக்கூட அடையாளம் வைக்காமல். முப்பது வருடம் எங்கள் கிளப்பில் எடுத்து எடுத்துப் பழகிய கை.

திரும்பினால் மரகதம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் உறைத்தது. பந்தை அடையாளம் வைக்காமல் எடுத்தால் ஒரு அடி தண்டம். கேடி செய்கிற தப்பு ஆடுகிறவர் தலையில்தான் விழும்.

ஈவன் அந்தப் பக்கம் ஜெர்மன்காரர்களுக்குக் கொடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். நான் சட்டென்று பந்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். "மரகதம், அவர் பாக்கலை. போட்டுரு. தொண்ணூத்தொம்பது வருது. போட்டுரு புள்ள" என்றேன், உதடு அசையாமல்.

"அவர் பாக்கலீங்க, சரி," என்றாள். "நான் ஒம்பது வருஷமா எண்ணிட்டு வர்றேன். எனக்கு எண்ணத் தெரியாதுங்களா?"

ஈவனைக் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில், கையைக் காலை ஆட்டி, தெளிவாகச் சொன்னாள். பந்தை எடுத்தாகிவிட்டது, குறி வைக்கவில்லை, ஒரு அடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. யார் எடுத்தது என்று சொல்லவில்லை. அப்புறம் அந்த ஒரு அடித் தூரத்தை நிதானமாகப் பார்த்து, உள்ளே போட்டாள்.

நூறு.

ஈவன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார்டில் நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் அவளிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டாள். "உங்களோடு ஆடியது எனக்குப் பெருமை" என்று மொழிபெயர்த்தேன். அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்குத்தான் அதைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மரகதம் சாதம் வைத்தாள். பருப்புப் பொடி. "வலிக்குதுங்களா?" என்று என் முழங்காலுக்குத் தைலம் எடுத்து வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

கிளப் வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து நாற்பது செய்திகள். என்னாச்சு, எவ்வளவு, கார்டு எங்கே. கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். "ஆடியது மரகதம். நூறு" என்று மட்டும் கீழே எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

செப்டம்பர் 10, புதன். எடின்பரோ விமான நிலையம்

மதியம் ஒரு மணி. அங்கே மாலை ஐந்தரை, எங்கள் புதன்கிழமைக் கூட்டம் டீ குடிக்கிற நேரம். நஞ்சப்பன் கூப்பிட்டான். கிண்டலுக்குத் தயாராக எடுத்தேன்.

"உங்கூட என்ன பேச்சு? அம்மிணிகிட்டக் குடு" என்றான்.

கொடுத்தேன். அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்போல, பத்துப் பேர் கத்துவது எனக்கே கேட்டது. மரகதம் முதல் குழியிலிருந்து ஆரம்பித்தாள். ஓடையில் விழுந்ததைச் சொன்னாள், தாண்டச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. பதினொன்றைச் சொல்லும்போது நான் நடுவில் புகுந்தேன். "இருங்க, நான் சொல்லிக்கறேன்" என்று கையமர்த்தினாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நரகத்தைச் சுற்றிப் போனதைச் சொன்னபோது அங்கே விசில் அடித்தார்கள். என் மனைவிக்கு எங்கள் கிளப் விசில் அடிக்கிறது! இப்படி ஒரு பெருமை எனக்கு எந்த மைக்கைப் பிடித்தபோதும் வந்ததில்லை.

பதினெட்டுக்கு வந்தாள். பந்து திரும்பி வந்ததையும், ஒரு அடியில் நின்றதையும் சொன்னாள்.

"அப்ப தொண்ணூத்தொம்பதல்ல வரோணும்? கார்டுல நூறுன்னு இருக்குது?" நஞ்சப்பன் டாக்டர் ஆயிற்றே, விட மாட்டான்.

மரகதம் என்னைப் பார்க்கவில்லை. "அதுங்களா டாக்டர்… கடைசில நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. ஒரு அடி தண்டம்."

"அச்சச்சோ! என்ன அம்மிணி, கைக்கு வந்தது இப்பிடிப் பண்ணிட்டீங்களே," என்றான் நஞ்சப்பன். பின்னாலிருந்து எவனோ, "பொம்பளைங்கன்னா கடைசில பதட்டம் வந்துரும்ப்பா" என்றான்.

அதைக் கேட்டபிறகு எனக்கு உட்கார முடியவில்லை. போனை அவள் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன். அந்த விமான நிலையத்தில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நஞ்சப்பா, எல்லாரும் கேளுங்க. அவ தப்பே பண்ணலை. பந்தை எடுத்தது நான். 'போச்சு போச்சு'ன்னு நம்ம கிளப்புப் புத்தியில ஓடிப்போய் எடுத்துட்டேன். எடுத்ததும் இல்லாம, யாரும் பாக்கலை போட்டுருன்னும் சொன்னேன். அவதான் ஆளைக் கூப்பிட்டு எழுதச் சொன்னா. அவ அடிச்சது தொண்ணூத்தொம்பது. மேல இருக்கற ஒண்ணு என்னுது."

அந்தப் பக்கம் யாரோ டீ டம்ளரைக் கீழே வைக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"அப்ப சுவத்துல எதை மாட்டறது?" என்றான் நஞ்சப்பன்.

"நூறைத்தான் மாட்டோணும்," என்றேன். "கேடி பேரையும் கீழ எழுதி."